இரண்டு டெய்சிகள்

என் தம்பிகள் இருவரிடமும் ஒரே கார் இருக்கிறது. ஒரே மாதிரிக் கார் இல்லை, ஒரே கார். இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போயிற்று. கடைசியாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

1934-இல் கவன்ட்ரி ஊரில் ஒரு சின்னக் கார்ப் பட்டறையிலிருந்து அப்பா நேராக வீட்டுக்கு ஓட்டி வந்த பச்சை மார்லாக் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். கூரை என்று பேருக்கு ஒரு துணி. மழையில் அதை விரித்து மாட்டுவதற்குள் நனைந்து முடித்திருப்போம். முதல் கோடையிலேயே மலைச்சாலையில் கார் ஏறும் பந்தயத்தில் கோப்பை வாங்கியது. அப்பா அதற்கு டெய்சி என்று பெயர் வைத்தார். அந்தப் பட்டறை சீக்கிரமே மூடிவிட்டது. அவர்கள் கட்டிய கார்கள் அத்தனையையும் ஒரு மாட்டுத் தொழுவத்தில் அடக்கிவிடலாம். அதனால்தான் இவ்வளவு மவுசு.

அப்பா போன பிறகு வீட்டை விற்றோம். டெய்சியை விற்க க்ளைவுக்கும் மனம் வரவில்லை, நெவிலுக்கும் மனம் வரவில்லை. சேர்ந்து வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் கேக்கை வெட்டுவது போலக் கூறு போட்டார்கள். எலும்புக்கூடு மாதிரி அடியில் ஓடும் சேஸிஸ் நெவிலுக்கு. இன்ஜினும் மேலிருந்த உடம்பும் க்ளைவுக்கு. நெவில் தன் சேஸிஸுக்கு வேறு இன்ஜின் தேடிப் பூட்டி, உடம்பும் செய்து போட்டான். க்ளைவ் தன் இன்ஜினுக்கு அடியில் புது சேஸிஸ் அடித்துப் போட்டான். இருவரும் அதே பச்சையைப் பூசி, இருவரும் பக்கவாட்டில் டெய்சி என்று எழுதினார்கள். அன்றோடு அண்ணன் தம்பிப் பேச்சு நின்றது.

உனக்கு என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. டெய்சியில் நான் உட்கார்ந்து போன பழைய தோல் மெத்தை கொட்டகை மூலையில் கிடந்தது. தோட்டத்தில் களை பிடுங்கும்போது முட்டிக்கு அடியில் போட உதவுமே என்று எடுத்து வந்தேன்.

ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் பழைய கார் கிளப் வூஸ்டர் பக்கத்தில் ஒரு புல்வெளியில் கூடும். க்ளைவ் தன் டெய்சியைக் கிழக்கு வேலியோரம் நிறுத்துவான். நெவில் தன் டெய்சியை மேற்கு வேலியோரம் நிறுத்துவான். நான் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு, அந்த மெத்தையை அதன்மேல் வைத்து உட்கார்ந்திருப்பேன். முட்டை சாண்ட்விச்சும் டீயும் இந்தக் கோடிக்கு ஒரு நடை, அந்தக் கோடிக்கு ஒரு நடை. திரும்பி வந்தால் இவன் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவனிடமும் சொல்ல வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது ஒரே இடத்தில் இருக்கும். எனக்கு நடையும் சேர்த்தி.

இந்த வருடம் என் கால்கள் மட்டுமல்ல, மனசும் ஓய்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை க்ளைவுக்கு இதய அறுவை சிகிச்சை. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று டாக்டர் நல்ல வார்த்தைகளில் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் இவன்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

நெவிலிடம் போய்ச் சொன்னேன். துணியால் விளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அப்படியா? போறதுக்கு முன்னாடியாவது தன் வண்டி டெய்சி இல்லன்னு ஒத்துக்குவானாமா?"

"நீ போய்க் கேளேன்."

"நான் எதுக்குப் போகணும்? அவனுக்குக் கால் இல்லையா?"

கிழக்கே போனேன். க்ளைவும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னான். ஒரே வயிற்றில் பிறந்தவன்கள், வேறு எப்படிச் சொல்வான்கள்?

மதியம் தூறல் ஆரம்பித்த நேரத்தில் கிளப்பின் வரலாறு எழுதும் பிக்ஸ்பி குடையோடு என்னிடம் வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் வம்பைக் கூட்டி வருவார்கள்.

"மிஸ் டன்ஸ்டால், டெய்சிக்கு இந்த வருஷம் அம்பது வயசு. ஊர்வலத்துல முதல்ல அதுதான் போகணும்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா எந்த டெய்சின்னுதான் தெரியல. நீங்க சொன்னா அதையே எழுதிடறேன்."

அதைக் கேட்க இரண்டு கோடியிலிருந்தும் இருவரும் வந்துவிட்டார்கள். இத்தனை வருடமாக நகராத கால்கள்! ஆனால் ஒருவனை ஒருவன் பார்க்கவில்லை. இருவரும் பிக்ஸ்பியைத்தான் பார்த்தார்கள்.

"சேஸிஸ் எங்க இருக்கோ அங்கதான் கார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க" என்றான் நெவில்.

"இதயம் இல்லாத எலும்புக்கூட்டை எவனாவது மனுஷன்னு சொல்வானான்னு கேளுங்க" என்றான் க்ளைவ். அவன் முகம் சிவந்து, உதடு நீலம் பாய ஆரம்பித்தது. படபடப்பே கூடாது என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அலுத்துப் போயிற்று. அவ்வளவுதான். தைரியம் ஒன்றும் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

"ரெண்டுமே டெய்சி இல்ல" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்தபடியே சொன்னேன். இவன்கள் இருவரும் விடுதிப் பள்ளியில் இருந்தபோது பதினாறு வயதில் வீட்டில் இருந்தவள் நான். ப்ராம்யார்ட் சாலையில் அப்பா டெய்சியை ஓர் எல்ம் மரத்தில் கொண்டுபோய் மோதினார். பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். சேஸிஸ் வளைந்து போயிற்று, உடம்பு நொறுங்கிப் போயிற்று. ஒரு பண்ணைக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்த இன்னொரு மார்லாக்கின் சேஸிஸை அப்பா வாங்கினார். அதில் குத்தியிருந்த எண்ணை அரத்தால் ராவி எடுத்துவிட்டு டெய்சியின் எண்ணைக் குத்தினார். விளக்குப் பிடித்தவள் நான். மேலுடம்பைச் செய்து கொடுத்தவர் ஊரில் சவப்பெட்டி செய்கிற தச்சர். அடுத்த கோடையில் இன்ஜின் வெடித்து, பக்கவாட்டில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதையும் மாற்றினார். பையன்கள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறார்கள், சொல்லிவிடாதே எனிட் என்றார். ஒவ்வொன்றாக மாற்றியதால் அப்பாவுக்கு அது கடைசிவரை டெய்சியாகவே இருந்தது.

க்ளைவ் சிரித்தான்.

"இவளுக்குப் பிளக் எது, பெட்ரோல் மூடி எதுன்னே தெரியாது!"

"அதானே!" என்றான் நெவில். "அப்பா எண்ணை ராவினாராம்! கிழவிக்குப் புத்தி கெட்டுப் போச்சு."

"உன் சேஸிஸ்லதான எண் இருக்கு? வா, பாத்துடலாம். இவ வாயை அடைக்கலாம்."

"டார்ச் வச்சிருக்கியா?"

"என் வண்டியில இருக்கு."

முப்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம், எனக்கு ஒன்றும் தெரியாது என்பது. எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரே டார்ச்சோடு இருவரும் மேற்கு வேலியை நோக்கி நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிக்ஸ்பி என்ன எழுதுவது என்று கேட்டார். மழை பெய்தது என்று எழுதுங்கள் என்றேன்.

தார்ப்பாயை விரித்து இருவரும் நெவிலின் காருக்கடியில் படுத்துவிட்டார்கள். வெளியே நான்கு பூட்ஸ்கள்தான் தெரிந்தன. வெகுநேரம் சத்தமே இல்லை. க்ளைவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று சாண்ட்விச் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"இங்க தொட்டுப் பாரு" என்றது க்ளைவின் குரல். "சொரசொரன்னு இருக்கில்ல?"

"அரம் போட்ட தடம்தான்." இது நெவில். "அடப்பாவி அப்பா."

பிறகு நெவில்தான் பேசினான்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"

"காலையில ஏழுக்கு அங்க இருக்கணும்."

"எப்படிப் போற?"

"டாக்ஸி."

"டாக்ஸி என்ன டாக்ஸி. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எதுல? இதுலயா? இது டெய்சி இல்லையே."

"உன்னுதும் இல்லடா."

காருக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. அப்பாவின் சிரிப்பு; இருவருக்கும் அதே கனைப்பு. நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏ கிழவி, உன் கால் தெரியுது" என்று உள்ளேயிருந்து க்ளைவ் கத்தினான். "டீ இருந்தா கொண்டு வா!"

இரண்டு கோப்பைகளையும் ஒரே தட்டில் வைத்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தார்ப்பாயில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார்கள். எனக்கு இருக்கிறதா என்று இருவரும் கேட்கவில்லை.

"அப்போ நிஜ டெய்சியில ஒரு ஆணி கூட மிச்சம் இல்லையா எனிட்?" என்றான் நெவில். க்ளைவும் கோப்பையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

திரும்பி வந்து, எல்ம் மரத்தில் மோதிய அன்று நான் உட்கார்ந்திருந்த அந்த மெத்தையின் மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்தேன். சொன்னால் அதையும் இரண்டாக வெட்டுவார்கள். இன்னொரு முப்பது வருடம் நடக்க என் கால்களில் தெம்பு இல்லை.