அடித்து வைத்த ஆணி

சுதாகரனின் கருமாதிப் படையலில் ஜாய்ஸ்டிக்கை வைத்தது அவன் மனைவி வினோதாதான். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டும் என்பது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வழக்கம். மீன் வைத்த மாலு பணிஸ், கருவாட்டுக் குழம்பு, அரைப் போத்தல் சாராயம், பக்கத்தில் ஒயரோடு ஜாய்ஸ்டிக். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனும் நானும் சேர்ந்து நடத்திய கேம் கடையிலேயே படையலைப் போட்டிருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. கினிகத்தேனை வளைவில் அவன் பைக் சறுக்கிய செய்தி வந்ததிலிருந்தே வரவில்லை. பந்தல்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டுகூட இருந்தேன்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு விளையாட்டின் படத்தைக் கடைச் சுவரில் மாட்டுவான் சுதாகரன். தனக்குப் பின்னால் வந்த கேம்களையெல்லாம் மாற்றிப்போட்ட கேமாக அது இருக்க வேண்டும். நமக்குப் பிடித்திருப்பது கணக்கில் சேராது. விழுகிற கட்டைகளை அடுக்குவது ஏறியது, பழைய போனில் வால் நீளும் பாம்பு ஏறியது. கடைக்கு வருகிறவர்கள் கத்திக் கத்தி வோட்டுப் போடுவார்கள். கடைசியில் இவன் சொன்னதுதான் நடக்கும். கோயில் பூசாரிகூட அவ்வளவு கறார் கிடையாது. வினோதா ஒவ்வொரு முறையும் கேட்டது புட்பாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லிந்துலை வீட்டிலிருந்து கடைக்கு வந்து அவனோடு ஆடுவாள். அவளுக்குத் தெரிந்த ஒரே கேம் அதுதான்.

"வருசா வருசம் புதுசுன்னு சட்டைய மட்டும் மாத்திக்கிட்டு வர்றவனுக்கெல்லாம் ஆணி கெடையாது" என்று சிரிப்பான்.

இந்த வருஷத்து ஆணியை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தான். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

"புட்பாலயே மாட்டிரலாம் வினோதா. இனி யாரு வேணாங்கப் போறா?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவள் முகம் மாறவில்லை. "பாவம் பாத்து மாட்டுவீங்களாண்ணே? அவரு இல்லன்னா, அவரு சொன்னதும் இல்லன்னு ஆயிருமா?"

"அப்ப எத மாட்டுறது?"

"சும்மா கெடக்கட்டும்."

வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு டீவியை அவளே போட்டாள். புட்பாலை எடுத்து, இன்னொரு ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பேர் ஆட்டம் என்று அமுக்கினாள். படையலில் இருந்த ஜாய்ஸ்டிக்கின் ஒயரை மட்டும் இழுத்துச் சொருகினாள். அதை இலையைவிட்டு எடுக்கவில்லை. மஞ்சள் அணி அவளுக்கு, நீல அணி அவனுக்கு. எப்போதும் அப்படித்தான்.

நீலத்தில் மற்றவர்கள் தாமாகவே ஓடினார்கள். தலைக்கு மேல் அம்புக்குறி இருந்த ஒருவன் மட்டும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். இலையில் கிடந்த ஜாய்ஸ்டிக்கை ஆட்டினால்தான் அவன் அசைவான்.

கோல் வரை அவளுக்கு வழி திறந்து கிடந்தது. அடிக்கவில்லை. பந்தைத் திருப்பி, மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, அவன் காலடியில் நிறுத்தினாள்.

"எடுங்களேன்" என்றாள்.

டீவிக்குள் கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. அம்புக்குறி அவன் தலைக்கு மேல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.