நாற்பது வீட்டு வோட்டு

மஹ்மூத் வாக்குக் கொடுத்தது புரியாணிச் சட்டிக்கு முன்னால். கொடுத்தது தன்னுடைய வாக்கை மட்டும் என்றால் மனைவி நஸீரா வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

2007ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மூன்று கிழமை இருந்தது. ஆளும் கட்சி வேட்பாளர் கிரேயம், மஹ்மூத் புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேலில் வைத்திருந்த பலசரக்குக் கடைக்குத் துண்டுப்பிரசுரத்தோடு வந்தவர், வந்த சூட்டிலேயே வீட்டுச் சாப்பாட்டுக்கும் அழைக்கப்பட்டுவிட்டார். இந்தப் பக்கத்தில் அவருடைய கட்சிக்கு எப்போதும் கஷ்டம். நாலு வோட்டுக்காக நாற்பது மைல் போகிற நிலையில் இருந்த மனுசன், மறுக்காமல் வந்துவிட்டார். தானே கார் ஓட்டி வந்தார். பின்னால் ஒரு ஆள் இல்லை, முன்னால் ஒரு ஜீப் இல்லை. அதைப் பார்த்து மஹ்மூத்துக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

ஆனாலும் குறை வைக்கவில்லை. பொன்னாடை போர்த்தினார். கடைக்காரர்கள் நாலைந்து பேர் கை தட்டினார்கள். கிரேயம் அந்தப் பொன்னாடையோடேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அது ஒவ்வொரு கவளத்துக்கும் வழுக்கித் தயிர்ச் சம்பலுக்குள் விழப் பார்த்தது.

"எங்கட ஆக்கள் இஞ்ச நாப்பது வீடு, சேர். நாப்பது வீட்டு வோட்டும் உங்களுக்குத்தான். அதுக்கு நான் பொறுப்பு." மஹ்மூத் இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகத் தமிழிலும் ஒருமுறை சொன்னார்.

நஸீரா குசினி வாசலில் அடுத்த தட்டோடு நின்றாள். "முப்பத்தொம்பதரை எண்டு சொல்லுங்க. இந்த வீட்டில பாதி கழியும்."

கடைக்காரர்கள் சிரித்துவிட்டு, சிரிக்கலாமோ என்று மஹ்மூத்தின் முகத்தைப் பார்த்தார்கள். கிரேயம் என்ன பகிடி என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வெங்கட்ராமன் மொழிபெயர்த்தார். அவர் சென்னைக்காரர், கணக்காளர், அந்தக் கட்சியின் உள்ளூர்க் கிளையில் அங்கத்தவர். மொழிபெயர்த்துவிட்டு, "மேடம் கொஞ்சம் கோபமா இருக்காங்க போல" என்று தன் பங்குக்குத் தமிழில் சேர்த்தார்.

"கோபமில்ல, காரணம் இருக்கு" என்றாள் நஸீரா.

காரணத்தைத் தொழிற்சாலை ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவள் வேலை கோழித் தொழிற்சாலையில், எலும்பு பிரிக்கிற வரிசையில். குளிர் அறை. ஒரு கையில் கத்தி, மறு கையில் இரும்புவலைக் கையுறை. அரசாங்கத்தின் புதிய வேலைச் சட்டம் வந்தபிறகு, வரிசையில் தோளோடு தோள் நிற்கிற பெண்களை ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற வியட்நாம்காரி லான் போனாள். மானேஜர் சிரித்தார், லானும் சிரித்தாள், கையெழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கிடைத்த கூடுதல் சம்பளம் போய்விட்டது என்று அவளுக்கு அடுத்த சம்பளத்தில்தான் விளங்கியது.

"அவ கையெழுத்துப் போடாம விட்டிருக்கலாமே?" என்றார் கிரேயம். "சட்டம் உங்களுக்குப் பேரம் பேசுற உரிமையைத் தந்திருக்கு."

"நானும் போட்டன். அந்த அறையில கதவு சாத்தியிருக்கும், மேசைக்கு அங்கால மூண்டு பேர், இஞ்சால நான் ஒருத்தி. ஒருநாளைக்கு வந்து எனக்குப் பக்கத்தில நிண்டு பேரம் பேசிக் காட்டுங்க."

மஹ்மூத் குறுக்கே விழுந்தார். "ஒரு தலைவன் எண்டால் கண்டிப்பா இருக்கவேணும் நஸீரா. பதினொரு வருசமா நாடு ஆடாம அசையாம போகுது, கடையில யாவாரம் நடக்குது. உனக்கு வேற என்ன வேணும்?"

"கண்டிப்பு மேல இருக்கிறவனுக்கும் இருக்கவேணும். கீழ இருக்கிறவனுக்கு மட்டும் கண்டிப்பு எண்டால் அதுக்குப் பேர் தலைமை இல்ல. மேய்ப்பு."

கிரேயம் எழுந்தார். சாப்பிட்டு முடித்த தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து, அவள் தடுக்கத் தடுக்கத் தானே கழுவி வைத்தார். நஸீராவுக்கு அந்த ஆளைப் பிடித்துப்போனது. ஆனால் நல்ல மனிதனின் கையால் வந்தாலும் கெட்ட சட்டம் கெட்ட சட்டம்தான். கழுவின தட்டுக்காக வோட்டைக் கொடுக்க முடியாது.

வந்தவர்கள் போனதும் மஹ்மூத் கதிரையில் சரிந்தார். "பிறத்தியானுக்கு முன்னால என்ட வாக்கை மண்ணாக்கிப்போட்டாய்."

"என்ட வாக்கை நீங்க ஏன் குடுத்தீங்க? மன்னாரில எங்கட வாப்பாட வோட்டைத் தோணிக்கார முதலாளி குடுத்தார். டிரக்டரில ஏத்திக்கொண்டு போய், சின்னத்தைக் காட்டி, இறக்கி விடுவார். நாள் முழுக்க மீன்பெட்டி சுமந்த மனுசன், 'இண்டைக்கு ஒரு நாளாவது சும்மா ஏறிப் போறன்' எண்டு சந்தோசமாப் போவார். அந்த டிரக்டரை நீங்க இஞ்சயும் கொண்டு வந்திட்டீங்க."

மஹ்மூத் கதிரையிலிருந்து எழப் பார்த்தார்.

"இன்னொண்டும் சொல்லிப்போடுறன். தேர்தலண்டைக்கு வோட்டுப் போடுற பள்ளிக்கூட வாசலில, எப்பிடிப் போடுறது எண்டு அச்சடிச்ச யூனியன் அட்டை குடுக்க என்னைக் கேட்டிருக்கினம். நான் ஓம் எண்டுட்டன்."

"அதே வாசலிலதான் நான் கிரேயமுக்கு நிக்கப்போறன்!"

"நில்லுங்க. அது அகலமான கேட்."

சனிக்கிழமை காலை இருவரும் ஒரே காரில்தான் போனார்கள். பின்சீட்டில் பொரித்த ரோல்ஸ் நூறு, மஹ்மூத் தன் கட்சிக்காரருக்குக் கொடுப்பதற்கு. செய்தவள் நஸீரா. வாக்குச் சொன்னது அவர், மாவு பிசைந்தது அவள் என்பது அந்த வீட்டு வழக்கம். அதை மட்டும் அன்றைக்கு அவள் மாற்ற நினைக்கவில்லை, ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும்.

கேட்டுக்கு வலது பக்கம் கட்சியின் நீலத் தொப்பியோடு மஹ்மூத்தும் வெங்கட்ராமனும். இடது பக்கம், முழுக்கைச் சட்டைக்கு மேல் யூனியனின் செம்மஞ்சள் ரீசேர்ட்டும் கறுப்பு முக்காடுமாக நஸீரா. கூட லான். நாற்பது வீட்டாரும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். முதலில் மஹ்மூத்தைக் கண்டு ஸலாம் சொன்னார்கள். பிறகு நஸீராவைக் கண்டு விறைத்தார்கள். பிறகு இரண்டு பேரிடமும் அட்டை வாங்கிப் பார்க்காமலேயே பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"என்ன நஸீரா, வீட்டில சமையல் நிப்பாட்டோ?" என்று ஒருவன் கேட்டான்.

"நீலத் தொப்பிக்காரர் தின்னுறது நான் சுட்ட ரோல்ஸ்தான். போய் நீயும் ஒண்டைத் தின்னு, வோட்டை மட்டும் யோசிச்சுப் போடு."

ஊர் முழுக்கப் பார்க்கப் புருசனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது கத்தி பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முதுகு நிமிர்ந்தே நின்றது. அந்த வாசலில் அவள் நிற்பதற்கு யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

பத்து மணிபோல ஆசியா உம்மா வெளியே வந்தார். மஹ்மூத்துக்கு மாமி முறை. போன வருசம்தான் குடியுரிமை கிடைத்தது, இதுதான் முதல் வோட்டு. கலியாண வீட்டுச் சேலை உடுத்தியிருந்தார்.

"என்ன மாமி, போட்டாச்சா?"

"ஓம் மகள். மஹ்மூத் சொன்ன பேருக்கு நேரா, வடிவா ஒரு புள்ளடி. குறுக்கும் மறுக்குமா ரெண்டு கோடு, கோணாம போட்டனான்."

நஸீரா அவரை ஓரமாக இழுத்தாள். "பச்சை வோட்டுக் கடுதாசியிலயா? இலக்கம் போடேல்லையா?"

"என்ன இலக்கம்? அந்தப் பொம்பிளை ஏதோ சொன்னா. நான் யெஸ் யெஸ் எண்டன். அவ பென்சிலைக் காட்டினா, நான் போய்ப் புள்ளடி போட்டன். ஊரில போடுற மாதிரித்தானே?"

ஊரில் போடுகிற மாதிரித்தான். இங்கே அது செல்லாது. பச்சைக் கடுதாசியில் எத்தனை பெயர் உண்டோ அத்தனைக்கும் விருப்பத்தின்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று கடைசிவரை இலக்கம் எழுதவேண்டும். வெறும் புள்ளடி விழுந்த கடுதாசியை எண்ணமாட்டார்கள், ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நஸீராவுக்கே அது யூனியன் கூட்டத்தில் சொல்லித் தந்த பிறகுதான் தெரியும். அவளும் அதுவரை புள்ளடிதான் என்று நினைத்திருந்தாள்.

வெளியே வந்த இன்னும் இரண்டு குடும்பங்களைக் கேட்டாள். புள்ளடி. புள்ளடி. மஹ்மூத் கடையில் எல்லாருக்கும் சொன்னது ஒரே வசனம்: மேலே இருந்து மூன்றாவது பேர், அவ்வளவுதான். அவருடைய வாயை நம்பினவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

லான் விசயத்தைக் கேட்டுக் கையைத் தட்டினாள். "நல்லது! எல்லாம் அவங்கட வோட்டு. பேசாம இரு!"

நல்லதுதான். நீலக் கட்சிக்கு விழவேண்டிய நாற்பது வீட்டு வோட்டு ஒன்றுமில்லாமல் போகும். நஸீரா செய்யவேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்பது. யாரும் அவளைக் குற்றம் சொல்லப்போவதில்லை. அந்தச் சட்டத்தை விழுத்துவதற்குத்தானே விடியமுதல் வந்து நிற்கிறாள்? அதே சட்டத்தைக் கொண்டுவந்தவர்களுக்கு வோட்டுச் சேர்த்துக் கொடுக்கவா?

ஆசியா உம்மா ரோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வெள்ளைக்காரருக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு அரசாங்கம் தன்னைக் கேட்டது என்ற நினைப்பு அந்த முகத்தில் இருந்தது. கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

நஸீரா கேட்டைக் குறுக்கே கடந்து நீலப் பக்கம் போனாள்.

"என்ன, கட்சி மாற வந்தனியோ?" என்றார் மஹ்மூத்.

"உங்கட ஆக்கள் புள்ளடி போடுறாங்க."

"அப்ப வேற என்ன போடுறது?"

அவள் சொன்னாள். மஹ்மூத்தின் கையில் இருந்த அட்டைகள் சரிந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தார். இலக்கங்கள் பெரிதாகத்தான் அச்சடித்திருந்தது. காலையிலிருந்து அவரே கொடுத்த அட்டை. "அப்ப... போன முறை நானும் புள்ளடிதானே போட்டனான்."

வெங்கட்ராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய்! அப்ப மூணு வருஷமா நீங்க ஓட்டே போடலையா? இந்த லட்சணத்துல நாப்பது வீட்டுக்குப் பொறுப்பு!"

மஹ்மூத் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "சொல்லாம விட்டிருந்தா உங்கட பக்கத்துக்குத்தானே லாபம்?"

"உங்களைத் தோக்கடிக்கத்தான் வந்தனான். எண்ணித் தோக்கடிக்கவேணும். குப்பையில போட்டு இல்ல."

அதற்குப் பிறகு அந்த வாசல் சந்தையாகிவிட்டது. நஸீரா தன் பக்கம் நின்று, செம்மஞ்சளா நீலமா என்று பாராமல் தமிழ் பேசுகிறவர்களையெல்லாம் மறித்து இலக்கம் சொல்லிக் கொடுத்தாள். மஹ்மூத் தொலைபேசியை எடுத்து, இன்னும் வராத வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அடித்தார்.

"புள்ளடி போடாதீங்க! ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஓம், எல்லாருக்கும் போடவேணும்... ரெண்டு ஆருக்கா? அது... உங்களுக்கு விருப்பமான ஆளுக்கு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். மஹ்மூத் ஒருமுறை நஸீராவின் பக்கம் பார்த்தார். "ஒண்டாம் இலக்கமுமா? ஒண்டும்... ஓம். அதுவும் உங்கட விருப்பம்தான்."

நஸீரா கேட்டாள். கேட்காத மாதிரி அடுத்த ஆளுக்கு அட்டை நீட்டினாள்.

மதியம் கிரேயம் வந்தார். வெங்கட்ராமன் விசயத்தைச் சொல்லிவிட்டு, விடாமல் மஹ்மூத்தின் தோளைத் தட்டினார். "வீட்டம்மாவையே கட்டி வைக்க முடியல, நீங்க எங்க பாய் ஊரைக் கட்டி இழுக்கப் போறீங்க?"

"கட்டி வைக்க அவ என்ன ஆடா?" மஹ்மூத் அவர் கையைத் தட்டிவிட்டார். பிறகு கிரேயமின் பக்கம் திரும்பி, கடையில் சாமான் விலை சொல்கிற அதே உரத்த ஆங்கிலத்தில் சொன்னார்: "சேர், இது என்ட மனுசி. எதிர்க்கட்சி. உங்கட வோட்டைச் செல்ல வைச்சதும் இவதான். நான் உங்களுக்கு நாப்பது வீடு எண்டன். அது பிழை. என்னிட்ட இருக்கிறது ஒரு வோட்டு. அதுவும் இண்டையில இருந்துதான்."

கிரேயம் நெஞ்சில் கை வைத்து நஸீராவுக்குத் தலை குனிந்தார். "நீங்க எங்கட பக்கம் இருந்திருக்கலாம்."

"சட்டத்தை மாத்துங்க, வாறன்."

"மாத்தமாட்டம். எனக்கு அந்தச் சட்டத்தில நம்பிக்கை இருக்கு" என்றார் அவர். நேராகச் சொன்னார். அதற்கும் நஸீரா ஒரு மரியாதை வைத்தாள்.

அவள் இன்னும் வோட்டுப் போடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லானும் சாப்பிடப் போயிருந்தாள். நஸீரா தன் கையிலிருந்த செம்மஞ்சள் அட்டைக் கட்டை மஹ்மூத்திடம் நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பிடிங்க. நான் உள்ள போயிட்டு வாறன்."

அவர் வாங்கிக்கொண்டார். ஒரு கையில் நீலம், மறு கையில் செம்மஞ்சள்.

உள்ளே அட்டைப்பெட்டியால் செய்த சின்னத் தடுப்பு. நூலில் கட்டின பென்சில். இங்கேயும் அவள் தனியாகத்தான் நின்றாள். ஆனால் மேசைக்கு அங்கால யாரும் இல்லை. கதவும் இல்லை. திங்கட்கிழமை ஆட்சி மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும் கோழி வரும், குளிர் அறை குளிரும், அது அவளுக்குத் தெரியும். ஒரு பென்சில் கோடு எலும்பை மெல்லிசாக்காது. ஆனால் அந்த அலுவலக அறையில் கையெழுத்துப் போட்ட அதே கை, இப்போது அவசரப்படாமல், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒவ்வொரு இலக்கமாக எழுதியது. கிரேயமின் பெயருக்கு நேரே கடைசி இலக்கத்தை, அந்த மனிதன்மேல் ஒரு கோபமும் இல்லாமல், தெளிவாக எழுதினாள்.

மடிக்கும்போது வெளியே மஹ்மூத்தின் குரல் கேட்டது. யாரோ வழிகேட்டிருக்கவேண்டும்.

"ரெண்டு அட்டையும் பிடியுங்க தம்பி. நீலம் நான். மற்றது என்ட மனுசி. ரெண்டையும் வாசிச்சுப்போட்டு உள்ள போங்க."