கொடி ஏறிய மரம்

பக்கத்துல வந்து உட்காருங்க கண்ணுகளா. ஒரு கொடியைப் பத்திச் சொல்றேன். மனசைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க.

சீந்தில் என்று ஒரு கொடி. வெட்டி ஆணியில் மாட்டினாலும் சாகாது, காற்றைக் குடித்தே துளிர்விடும். காய்ச்சலை முறிக்கும். ஆனால் எந்த மரத்தில் ஏறுகிறதோ அந்த மரத்தின் குணம் அதற்கும் வந்துவிடும் என்பார்கள். வேம்பில் ஏறியதுதான் உசத்தி. அதனால் எங்கள் ஊரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஒருத்தி, கொடிக் கட்டோடு மரத்தின் இலைக்கொத்தையும் காட்டினால்தான் யாரிடமும் கொடி வாங்குவாள்.

புருஷனுக்குக் காய்ச்சல் விடாமல் கொதித்தபோது கொடி வெட்டி வந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனிடம் போய் இலை கேட்பாளா? கொடியில் மரத்தின் பட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தது. வேப்பம்பட்டைதானே, அதுவும் நல்லதுதான் என்று சேர்த்தே இடித்துக் கஷாயம் வைத்தாள்.

"என்னடி, இப்படிக் கசக்குது!" என்றார் புருஷன்.

"பின்னே, மருந்துன்னா சர்க்கரைத் தண்ணியா?"

"உன் தம்பி கை பட்டதாச்சே, கசக்காம என்ன செய்யும்?"

"வாயை மூடிக்கிட்டுக் குடிங்க அத்தான்," என்றான் தம்பி.

சிரித்துக்கொண்டே குடித்தார். கொஞ்ச நேரத்தில் வாய் தானாகவே மூடிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. தெருவில் யாரோ ஹார்ன் அடித்தார்கள். அவர் உடம்பு வில்லாக வளைந்து தூக்கிப்போட்டது.

அவள் தம்பியை வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"எந்த மரத்துலடா வெட்டினே?"

"மரத்தை யாருக்கா பார்த்தா? ஆரஞ்சு மாதிரி பழம் தொங்குச்சு."

எட்டி மரம். பட்டையெல்லாம் விஷம், உள்ளே போனால் சின்னச் சத்தத்துக்கே உடம்பு இழுத்துக்கொள்ளும்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கதவு கிறீச்சிட்டால்கூட அவருக்கு இழுப்பு வந்தது. ஜன்னல்களைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள். அப்புறம்தான் தூரத்தில் சைரன் கேட்டது. காப்பாற்ற வருகிற வண்டியே கொன்றுவிடுமே! செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினாள்.

"சத்தத்தை நிறுத்துங்கய்யா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

நிறுத்தினார்கள். வண்டி பூனைபோல வாசலுக்கு வந்தது.

உள்ளே தம்பி, அந்த விஷத்தை முதலில் கொட்டித் தொலைப்போம் என்று கஷாயப் பாத்திரத்தைத் தூக்கினான். அவசரத்தில் கை நழுவியது. பித்தளைப் பாத்திரம் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்ட சத்தம் தெருவரை கேட்டது.

அந்தச் சத்தத்தில் வளைந்த புருஷன் பிறகு நிமிரவேயில்லை.

அவரைத் தூக்கிப் போன பிறகும், ஆணியில் தொங்கிய மிச்சக் கொடி துளிர்விட்டுக்கொண்டுதான் இருந்தது.

உங்க வீட்டு அடுப்புல கொதிக்கிறதெல்லாம் உடம்புக்கு ஒத்துக்கட்டும் கண்ணுகளா. ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிச் சிரிக்கிற சத்தம் உங்க வீட்டுல ஓயாம இருக்கட்டும்.