கண்ணாடி இல்லாத கேமரா

பீரோவின் மூன்றாவது தட்டையும் தரையில் கவிழ்த்தான் அவன். அப்பாவின் அடையாள அட்டை இல்லாமல் மின் மயானத்தில் உடம்பை வாங்கமாட்டார்களாம். வாசலில் வண்டிக்காரர் இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டார்.

"கிடைச்சுதாடா?" ஹாலிலிருந்து அக்கா கத்தினாள். "ஊருக்கெல்லாம் கேமரா வித்த மனுஷன், ஒரு கார்டை ஒழுங்கா வெச்சிருக்கக் கூடாதா?"

"தேடிட்டுதானேக்கா இருக்கேன். தொணதொணக்காதே!"

கைக்குக் கிடைத்தது வேறு. அப்பா தம் கம்பெனிக்கு அனுப்பிய விற்பனை அறிக்கையின் நகல். ஆறு வருஷப் பழசு. தேதியைப் பார்த்தான். அதே வாரம்.

அந்த வாரம்தான் போட்டிக் கம்பெனி வேலை அவனைத் தேடி வந்தது. ஏரியா விற்பனை அதிகாரி, காரோடு. அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மிர்ரர்லெஸ்ஸாம்! உள்ளே கண்ணாடியே இல்லாத கேமரா ஒரு வருஷம் ஓடுமா? இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட கம்பெனியை விட்டுட்டு அங்க போய் நிப்பியா?"

அவன் போகவில்லை. அப்பாவுக்குக் கீழேயே, கண்ணாடி வைத்த பழைய பாணிப் பெரிய கேமராக்களை விற்றான். விற்பனை படுத்துக்கொண்டது; கிளையையே இழுத்து மூடினார்கள். இப்போது பஸ் நிலையத்தில் செல்போன் உறை விற்கிறான்.

அறிக்கையில் அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

'சின்ன கேமரா: செல்போன் விழுங்கிவிட்டது. பெரிய கேமரா: இன்று நாம் முதலிடம், மூன்று வருஷம் தாங்காது. மிர்ரர்லெஸ்: கல்யாணப் போட்டோகிராபர்கள் கூட்டமாக மாறுகிறார்கள். போட்டிக் கம்பெனியை இனி பிடிக்க முடியாது.'

தெரிந்திருக்கிறது! தெரிந்தே தடுத்திருக்கிறார்.

ஏன்? மகன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றா? கம்பெனி விசுவாசமா? விடுவிடுவென்று ஹாலுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். வாய் திறக்காமலிருக்கத் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"கார்டு அவரோட சட்டைப் பையிலயே இருந்துதுடா," என்றாள் அக்கா. "ஆளுங்களைக் கூப்பிடு."

வாசலில் கோட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். போட்டிக் கம்பெனி மேனேஜர். கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் அப்பா வைத்த பெயர்.

"மனசே கேக்கல தம்பி. மார்க்கெட்டை உள்ளங்கையில வெச்சிருந்த மனுஷன்."

"சார், உங்க வேலைக்கு என்னை வரவிடாம அப்பா தடுத்தாரு. ஏன்னு தெரியுமா?"

கோட்டுக்காரர் அவனையும் ஹாலையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப எதுக்கு அதெல்லாம்..."

"இப்ப விட்டா எப்ப சார்? இன்னும் ஒரு மணி நேரத்துல அவரே இருக்கமாட்டார்."

கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வேலை வேணாம்னு லெட்டர் குடுத்தீங்களே... அதுக்கு முந்தின நாளே உங்கப்பா எங்க ஆபீசுக்கு வந்தாரு. பளிச்சுனு ஷேவ் பண்ணி, டை கட்டி. 'பையன் வரமாட்டான், அந்த வேலையை எனக்குக் குடுங்க'ன்னாரு. ஐம்பத்தாறு வயசு. எப்படிக் குடுக்கறது? டீ குடுத்து அனுப்பிட்டேன்."

"நாலு பேர் வாங்கப்பா, தூக்கலாம்!" என்றார் வண்டிக்காரர்.

"மகன்தான்டா தலைப்பக்கம்," என்று அக்கா அவனைத் தள்ளினாள். அவன் நகர்ந்து கால்மாட்டில் போய் நின்றான்.

"தலைப்பக்கம் நீங்க பிடிங்க சார்."