பாதி துலக்கிய தாமிரம்

வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்க ஊறவைத்த புளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வினை அதில்தான் தொடங்கியது.

மேஜைமேல் கடல் முக்குளிப்பவர்கள் அணியும் பழைய தாமிரத் தலைக்கவசம், அடிப்பிடித்த அண்டாபோல் கறுத்துக் கிடந்தது. மறுநாள் நூலகத்தில் அதை வைத்துத்தான் மதன் பேசப்போகிறான். கணவன் முகம் மலரட்டும் என்று வெண்பா புளியும் உப்புமாகத் தேய்த்தாள். முன்பாதி பளீரிட்டபோதுதான் பக்கத்தில் கிடந்த அவன் குறிப்பு கண்ணில் பட்டது: 'அறுபது ஆண்டுக் கடல் ஏற்றிய நிறம். துலக்கினால் வரலாறே போய்விடும்.'

கை கழுவினாள். மறுபடி கழுவினாள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். கவசம் மதனுடையதுகூட இல்லை, பின்தெருப் பெரியவர் டோலனுடையது. கடற்படையில் முக்குளித்தவர். யாருக்கும் தராததை மதனை நம்பித் தந்திருந்தார். மறைக்கவா முடியும்? அவருக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொன்னாள். "எடுத்து வா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மதன் வந்தான். பார்த்தான். சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இது என்ன குத்துவிளக்கா, வெண்பா?"

"தப்புதாங்க. அவர்கிட்ட நானே சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா! என்ன சொன்னார்?"

"எடுத்து வான்னார். அவ்வளவுதான்."

பின்சீட்டில் கவசத்துக்கு சீட்பெல்ட் போட்டார்கள். இரண்டு நிமிட டிரைவ்.

டோலன் வாசலிலேயே நின்றிருந்தார். கவசத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளத்த பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் கப்பலில் இதை நாங்களே இப்படித்தான் துலக்குவோம் என்றார். கறுப்பு கடல் தந்ததல்லவாம். அவர் வீட்டு பேஸ்மென்ட் ஈரம் தந்ததாம். கடலுக்குள் எப்படி இருந்தது, கரையில் என்னவாயிற்று, இரண்டும் தெரியட்டும், மீதியைத் தொடாதே என்று வெண்பாவிடம் கவசத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் மதன் முணுமுணுத்தான்: "பேச்சு முழுக்க மாத்தணும்."

"வரலாறே போயிடும்னு எழுதினீங்களே?"

"வாயை மூடிட்டு வா."

சொன்னவன், புளி வாசம் போகாத அவள் கையை மட்டும் வீடு வரும்வரை விடவில்லை.