பச்சை பல்பும் பருப்பு வடையும்

சின்ன முதலாளி தனபால் கோயமுத்தூரில் ஒரு வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து பனியன் கம்பெனிக்குள் எலி புகுந்துவிட்டது. நிஜ எலி இல்லை, வகுப்பில் கேட்ட எலி. விளக்கு எரிந்ததும் கட்டையை அமுக்கினால் அதற்குச் சர்க்கரைத் தண்ணீராம். முதலில் தண்ணீரைக் குடிக்கும்போது மூளையில் டோபமைன் என்ற உற்சாக ரசாயனம் சுரந்ததாம். பழகிய பிறகு விளக்கைப் பார்த்ததுமே சுரந்ததாம்.

மறுவாரமே தையல் வரிசைக்கு மேல் பச்சை பல்பு தொங்கியது. குறித்த பீஸ் முடிந்தால் பல்பு எரியும். டீயும் பருப்பு வடையும் வரும். விடியலில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும் சீனியம்மாளுக்கு அந்த வடைதான் காலைச் சாப்பாடு. அவள் கை பறந்தது.

ஒரு மாதம் கழித்து பல்பு எரிந்தது. டீ மட்டும் வந்தது.

"வடை எங்க மொதலாளி?"

"இனி அது தேவையில்லீங்க. பல்பு எரிஞ்சாலே உங்க மூளைக்குள்ள சொரந்துருமுங்க."

"சொரந்தது வயித்துக்கு எறங்கலையே."

பக்கத்து மெஷின் பாண்டித்துரை நூலைக் கடித்தபடி சிரிப்பை அடக்கினான்.

நாலே நாளில் வரிசை நொண்டியது. பல்பு மதியம் வரை எரியவில்லை. தனபால் வந்து நின்றார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"தண்ணிய நிறுத்துனப்பறமும் அந்த எலி கட்டைய அமுக்குச்சா மொதலாளி?" சீனியம்மாள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தனபால் தலையைச் சொறிந்தார். "அதச் சொல்றப்ப சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துருச்சுங்க. நான் வெளிய வந்துட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, பையர் ஆபீசுக்கென்றே வைத்திருந்த பாட்டைச் செல்போன் பாடியது. தனபாலின் முதுகு நிமிர்ந்தது. பட்டனை அமுக்கும் முன்பே "சொல்லுங்க சார்" என்றார்.

"யக்கா, அவருக்குப் பல்பு எரிஞ்சுருச்சு," என்றான் பாண்டித்துரை.

"பாவம், அவருக்கு எவன் வடை குடுக்கான்?"

நாளைக்குள் சரக்கு போக வேண்டுமாம். முகம் வெளுத்துத் திரும்பி வந்தவர், கடைக்கு ஆள் அனுப்பினார். சூடாக வந்தது வடை, ஆளுக்கு இரண்டு. சீனியம்மாள் நிதானமாகத் தின்றாள். வெள்ளைத் துணியில் எண்ணெய் படக்கூடாதென்று ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

பல்பைப் போட மறந்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை.