கேதம் கேட்டவர்களுக்குச் சொன்னது

பதினோராவது ஆளுக்கும் அம்மாக்கண்ணு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் கஞ்சி குடித்தார், பத்து மணிக்கு மாத்திரை வாங்கப் போனேன், மருந்துக் கடையில் ஒரே கூட்டம், திரும்பி வந்து பார்த்தால் உயிர் இல்லை. கேதம் கேட்க வருகிறவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? எப்படிப் போனார், கூட யார் இருந்தார்கள். அவ்வளவுதான்.

மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மஹாலட்சுமி எடுத்துக்கொள்வாள்.

“அண்ணி தாங்க மாட்டாகன்னு அண்ணனுக்குத் தெரியும். வெளிய அனுப்பிட்டுப் போயிருச்சு.”

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். கொடுத்துவைத்த சாவு என்றார்கள். ப்ரீசர் பெட்டிக்குள் அவள் புருஷன் வேல்பாண்டி கிடந்தார். ஈ.பி.யில் லைன்மேனாக இருந்தவர். வாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. மகன் செல்வம் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்ததும் எடுத்துவிடுவார்கள்.

உண்மையில் மருந்துக் கடையில் ஈ காக்கை இல்லை. ஐந்து நிமிஷத்தில் மாத்திரை கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள் புது பஸ் ஸ்டாண்டுக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ குடித்தாள். ராமேஸ்வரம் பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிற சனங்களை வேடிக்கை பார்த்தாள். முக்கால் மணி நேரம். அதில் கொடுமை என்னவென்றால், சந்தோஷமாக இருந்தாள்.

இரண்டு வருஷத்தில் ஒரு முக்கால் மணி நேரம், அதில் என்ன குடி முழுகிப்போச்சு என்று நினைத்தால், அந்த நேரம்தானா கிடைத்தது என்று செத்தவர் மேலேயே கோபம் வந்தது. கூப்பிட்டுப் பார்த்திருப்பாரோ என்று நினைத்தால் பார்வை தானாகப் பெட்டிப் பக்கம் போனது. நாத்தனார் சொல்கிறபடி அவரே அனுப்பிவைத்தார் என்று நினைத்தால் ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. மறு மூச்சில் அந்த டீயின் ருசி நாக்கில் வந்து நின்றது. நடந்தது ஒன்றுதான். நினைப்புதான் ஆளைப் போட்டுப் பந்தாடியது. அழுகை மட்டும் வரவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அவள் ஒண்டியாக உட்கார்ந்திருந்தாள்.

பொறுக்க மாட்டாமல் மஹாலட்சுமியைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள்.

“மகா, கடையில கூட்டமெல்லாம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல சும்மா ஒக்காந்திருந்தேன். வீட்டுக்கு வரப் பிடிக்கல.”

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படியாவது ஒருத்தி தன்னிடம் நிஜமாகப் பேசட்டும் என்றிருந்தது. மஹாலட்சுமி குழாயைத் திறந்தாள், மூடினாள்.

“இத ஏண்ணி எங்கிட்டச் சொன்னீக?”

மஹாலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“தேவகோட்டை என்ன தூரம்? எட்டு மாசமா நான் வந்து எட்டிப் பாக்கல. அந்தக் கோலத்துல அண்ணனப் பாக்கப் பயம். யாரும் பாக்க வேண்டாம்னு அதுவே நெனச்சுப் போயிருச்சுன்னு எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் ஒக்காந்திருந்தேன். அதையும் பிடுங்கிட்டீகளே.”

வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. இருவரும் முன்பக்கம் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். வந்தவர் சின்னக்கருப்பன், வேல்பாண்டியோடு குன்றக்குடியில் வேலை பார்த்தவர். பெட்டி மேல் மாலையை வைத்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“எப்படிம்மா? கூட யாரு இருந்தீக?”

மஹாலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“யாரும் இல்லண்ணே. மாத்திரை வாங்கிட்டு வான்னு அவுகளே என்னைய அனுப்புனாக. அந்தக் கோலத்துல தன்னைய யாரும் பாக்க வேண்டாம்னு நெனச்சிருக்காக. கூடப்பொறந்தவகூட.”

“அவன் அப்படித்தான்” என்றார் சின்னக்கருப்பன். “கம்பத்துல ஏறுனா கீழ ஒருத்தரையும் நிக்க விடமாட்டான்.”

மஹாலட்சுமி தேம்பத் தொடங்கினாள். தேம்பிக்கொண்டே அண்ணியின் தோளில் சாய்ந்தாள். அம்மாக்கண்ணு தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் அடுத்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.